வாய் மூடிய லூப்

மைக் கம்பியின் திருகைத் தளர்த்தப் போன கை பாதி வழியில் நின்றது. மைக் ஏற்கெனவே இந்திராணியின் வாய்க்கு நேராக இருந்தது. நீட்டிய கையைச் சும்மா திருப்பிக்கொள்ள முடியாமல், மைக்குக்கு முன்னாலிருந்த கறுப்பு வலையை ஒரு விரலால் தள்ளி, மறுபடி இருந்த இடத்துக்கே இழுத்துவைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் அப்ஸல் ஒலிப்பதிவு மெஷின் முன்னால் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் டப்பிங் டைரக்டர் லோகேஸ்வரன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். இருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதில் பார்க்க ஒன்றுமில்லை. நாற்பத்தேழு வயதுப் பெண் ஒருத்தி மைக் முன்னால் நிற்கிறாள், மைக் அவளுக்குச் சரியான உயரத்தில் இருக்கிறது. ஆனால் நேற்று அப்படி இல்லை. முந்தாநாளும் இல்லை. மழை தொடங்கியதிலிருந்து ஒரு நாளும் இல்லை. ஒவ்வொரு மதியமும் அவள் வந்து நிற்கும்போது மைக் அவள் நெற்றிக்கு நேரே நிற்கும், காலையில் பேசிவிட்டுப் போன நம்பிராஜனின் வாய் இருக்கும் இடத்தில். அவள் திருகைத் தளர்த்தி, கீச்சென்று இறங்கும் கம்பியைக் கையில் தாங்கி, தன் வாய்க்குக் கொண்டுவந்து இறுக்குவாள். அதற்கு முன்னால் வேறு மாதிரி இருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருஷம், அவர் போகும்போது மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கிவைத்துவிட்டுப் போவார். அவள் போகும்போது அவர் உயரத்துக்கு ஏற்றிவைத்துவிட்டுப் போவாள். இப்படிச் செய்யலாம் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் அவர் செய்தார், மறுநாள் அவள் செய்தாள், பிறகு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மொட்டைமாடிப் படியில் அன்று நடந்ததற்குப் பிறகு அவர் நிறுத்திவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆனால் அன்று சாயங்காலம் படியில் இறங்கியவள் நேரே தெருவுக்குப் போய் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். மைக்கை ஏற்றவில்லை. அப்படியானால் மறுநாள் காலை அவர் வந்து பார்த்தபோது அது கீழே இருந்திருக்கும். முதலில் நிறுத்தியது அவர் இல்லை. இது ஏன் இவ்வளவு நாள் தோன்றவில்லை.

“இந்திராக்கா, போலாமா? இன்னைக்குக் கடைசி எபிசோட். அழுதுடாதீங்க” என்று ஹெட்போனுக்குள் லோகேஸ்வரனின் குரல் வந்தது. “அழுகை எந்த லூப்னு சொல்லு, அங்க அழறேன்” என்றாள். அப்ஸல் சிரித்தபடி கடலைத் தோலை ஊதினான். திரையில் கார்ட்டூன் பெண் மிசுஹோ ஓடிவந்தாள். பதினாறு வயது, முழங்கால்வரை சாக்ஸ், காற்று இல்லாத இடத்திலும் பறக்கிற முடி. அவள் ஓடியபோது இந்திராணி மூச்சிரைத்தாள், அவள் படியில் தடுக்கியபோது “ஐயோ” என்றாள், பையிலிருந்து உருண்ட ஆரஞ்சுப் பழத்தைத் துரத்தியபோது “நில்லு, நில்லு” என்றாள். இதற்கெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. மூச்சிரைப்பு தானாக வரும். இருபது வருஷத்துக்கு மேலாக நின்ற இடத்தில் நின்று ஓடியிருக்கிறாள். அணில் குஞ்சாக, பேசும் ரயில் எஞ்சினாக, இளவரசியாக, அந்த இளவரசியின் தம்பியாகவும். கதை மட்டும் அவளுக்கு எப்போதும் துண்டு துண்டாகத்தான் தெரியும். தான் வாய் திறக்கிற காட்சிகளை மட்டும் சின்னச் சின்ன லூப்பாக வெட்டி ஓட்டிக் காட்டுவார்கள், மற்றதைத் தள்ளிவிடுவார்கள். இந்தக் கார்ட்டூனில் அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம், அதில் நட்சத்திரம் பார்க்கிற கிளப் ஒன்று, மொத்தமே நாலு பேர், ஆள் சேராவிட்டால் மூடிவிடுவார்கள். மிசுஹோ அதில் சேர்ந்தது வடை மாதிரி ஏதோ தின்பண்டம் இலவசமாகக் கிடைக்கும் என்று. தகுமி என்கிற பையன் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று முதல் எபிசோடிலிருந்து தவிக்கிறான். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் மேகம் வந்து வானத்தை மூடிவிடும், எல்லோரும் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடுவார்கள், அத்தோடு எபிசோட் முடியும். அவன் தனியாக இருக்கும்போது என்ன செய்கிறான், கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறானா, தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்துகிறானா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் இல்லாத காட்சிகள் அவை. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஹோம்வொர்க் செய்யாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். மிசுஹோவுக்கும் அவளுக்கும்தான் தெரியாது.

தகுமியின் குரல் நம்பிராஜனுடையது. ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது, மகள் கல்யாணமாகி ஓசூரில். காலையில் அவர் பேசிய தகுமி மதியம் அவள் காதுக்குள் வந்து பேசுவான், அவள் மிசுஹோவாகப் பதில் சொல்வாள். நேரில் இருவரும் சேர்ந்தாற்போல் பேசியது குறைவு. ஏதாவது திருத்தம் என்று அவரை மதியத்தில் கூப்பிட்டால் உண்டு. ஆனால் அவர் எங்கே மூச்சு இழுப்பார், எந்த எழுத்துக்கு முன்னால் நாக்கு லேசாக ஒட்டும், வெற்றிலை போட்டிருக்கிறாரா இல்லையா, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவருக்கு ஜலதோஷம் வரப்போவது அவருக்கே தெரிவதற்கு முந்தின நாள் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை சுக்கு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டுகூட வந்தாள். யாரிடம் கொடுத்து யாரிடம் சேர்ப்பது. அவளே கஷாயம் வைத்துக் குடித்தாள். தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடை லிஃப்டில் அவர் குரல் இருக்கிறது. ரவிக்கைத் துணி எடுக்கப் போனவள் லிஃப்டுக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலிருந்து “மூன்றாம் தளம், பட்டுப் பிரிவு” என்று அவர் சொன்னார். அவள் இறங்கவில்லை. “நான்காம் தளம், திருமணப் பிரிவு.” அப்போதும் இறங்கவில்லை. “எந்த மாடிம்மா வேணும்?” என்றார் லிஃப்ட்காரர். “மேல” என்றாள். மேலே போனதும் “கீழ” என்றாள். அவர் அவளுடைய பையை ஒரு பார்வை பார்த்தார். துணி எடுக்காமல் திரும்பி வந்தாள். அதுவும் அவர் குரல் என்று சொல்ல முடியாது. அவருடைய சொந்தக் குரலை அவள் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், அவர் வராந்தாவில் நின்று யாரிடமோ போனில் “என்ன டே, காலங்காத்தால உயிர வாங்குத” என்று சொன்னபோது. அது கொஞ்சம் கரகரப்பாக, வார்த்தையின் வாலை மேலே தூக்கிப் போடுகிற திருநெல்வேலிக் குரல். கார்ட்டூன் பிள்ளைகள் எந்த ஊரும் இல்லாத தமிழ்தான் பேச வேண்டும், அதனால் அந்தக் குரலை அவர் செருப்பைப் போல வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். படியில் அவர் அந்தக் குரலில் கேட்டிருந்தால். கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு மேல் அந்த யோசனை ஒரு நாளும் போனதில்லை, அங்கேயே நின்று சுற்றும்.

“அக்கா, லேட்டு. மிசுஹோ வாய மூடிட்டா, நீங்க இன்னும் பேசிட்டு இருக்கீங்க.” திரும்பவும் ஓட்டினார்கள். “நில்லு, நில்லு” என்றாள், இந்த முறை சரியாக. அந்தப் படி நாளில் ஏதோ திருத்தம் என்று நம்பிராஜனும் மதியம் வந்திருந்தார். முதல் மழை பெய்து விட்டிருந்தது, கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. காற்றில்லாத அந்த அறையில் நிற்க முடியாமல் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். லோகேஸ்வரன் போனோடு ஒரு மூலைக்குப் போனான். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, மேற்கில், பெரிய வெளிச்சப் புள்ளி ஒன்று. “நட்சத்திரமா, பிளேனா?” என்று அவள் கேட்டாள். “நகரலியே. வெள்ளியா இருக்கும். தகுமியக் கேட்டாச் சொல்லுவான், எனக்கு எங்க தெரியும்” என்றார் நம்பிராஜன், அதே ஊரில்லாத தமிழில். ஒரு வருஷமாக நட்சத்திரங்களின் பெயர்களைச் சரியான உச்சரிப்போடு சொல்லிக்கொண்டிருந்த இரண்டு பேர், மேலே இருந்த ஒன்றே ஒன்றின் பெயர் நிச்சயமாகத் தெரியாமல் நின்றார்கள். கரண்ட் வந்தது, மிச்சத்தை மறுநாள் எடுக்கலாம் என்றார்கள். இறங்கும்போது படியில் இருட்டு, அந்த பல்பு எப்போதும் எரியாது. அவள் முன்னால், அவர் இரண்டு படி பின்னால். அப்போதுதான் அவர் கேட்டார், தகுமியின் குரலில்: “இனிமே தனித்தனியா நின்னு பாக்க வேண்டாமே. ஒண்ணா நின்னு பாக்கலாமா?” அவள் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மிசுஹோவின் சிரிப்பு அது, முதலில் மூக்கில் ஒரு சின்னக் காற்று, பிறகு தொண்டையில் மணி உருள்வது போல மூன்று உருளல், கடைசியில் இழுத்துப் பிடித்த ஒரு விக்கல். அந்தச் சிரிப்பை அவள்தான் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து செய்தாள். சேனல்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. தகுமியின் குரல் காதில் விழுந்தால் அது வரும், கொதிக்கிற பாலைத் தொட்டால் கை பின்னால் வருவது போல. பின்னால் இரண்டு படி தள்ளி அவரும் சிரித்தார், தகுமியாக. பிறகு படி முடிந்துவிட்டது, வராந்தா வெளிச்சம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவும்வரை அவளுக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்போது போன் வந்தது, கேஸ் ஏஜென்சியிலிருந்து. “பாப்பா, வீட்ல அம்மா இருக்காங்களா?” எப்போதும் நடப்பதுதான். “இருங்க, குடுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு விட்டு, குரலை வயிற்றுக்கு இறக்கி, “சொல்லுங்க சார்” என்பாள். அம்மா வந்துவிடுவாள். பேங்க்காரர்கள், கூரியர் பையன்கள், அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி எல்லோருக்கும் அந்த வீட்டில் ஒரு அம்மாவும் ஒரு சின்னப் பெண்ணும் இருக்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தனியாக இருப்பவள், அதனால் அது ஒரு பாதுகாப்பாகவும் இருந்தது, யாரும் திருத்தவில்லை. அன்று அவள் “இருங்க, குடுக்கறேன்” என்றுவிட்டு, போனைக் கையில் பிடித்தபடி, அம்மாவின் குரலுக்கு மாறாமல் நின்றுவிட்டாள். “ஹலோ, ஹலோ” என்று ஏஜென்சிக்காரர் கத்திவிட்டு வைத்துவிட்டார். படியில் அவளிடம் கேட்டது தகுமி. சிரித்தது மிசுஹோ. நம்பிராஜன் கேட்டாரா என்று தெரியவில்லை, இந்திராணி பதில் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம். என்னவென்று, எந்தக் குரலில்? பதினாறு வயதுக் குரலில் சொன்னால் விளையாட்டு. கேஸ் ஏஜென்சி அம்மாவின் குரலில் சொன்னால் அவர் சிலிண்டர் போட வந்தவர் ஆகிவிடுவார். மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டும். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு “நம்பி சார்” என்று சொல்லிப் பார்த்தாள். மிசுஹோ சொன்னாள். இருமிவிட்டுச் சொன்னாள். அம்மா சொன்னாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, சொல்வதை நிறுத்தினாள். மறுநாள் மைக் நெற்றிக்கு நேரே நின்றது, அதற்கடுத்த நாளும். சரி, அவரும் வேடிக்கைக்குத்தான் சொன்னார் போல, இல்லாவிட்டால் ஐம்பது வயதில் ஒரு மனுஷன் சிறுபிள்ளைக் குரலில் போய் இதைக் கேட்பானா என்று நினைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில் இன்னொன்றும் தோன்றும்: சொந்தக் குரலில் கேட்கத் தைரியமில்லாததால்தான் தகுமியை முன்னால் அனுப்பினாரோ. அவளுக்கு மட்டும் என்ன தைரியம், அவளும் மிசுஹோவைத்தானே அனுப்பினாள்.

இரண்டு காட்சி முடிந்து தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, ஒன்றும் இல்லாதது போலக் கேட்டாள்: “காலையில யாரெல்லாம் வந்தாங்க, அப்ஸல்?” இதை வந்ததுமே கேட்டிருக்கலாம். கேட்காமல் இருந்ததில் ஒரு சுகம் இருந்தது, கேட்டதும் அது போய்விடும் என்றும் தெரிந்தது. “நம்பி சார் வந்தார்க்கா. அப்புறம் ஒரு பொண்ணு, புது வாய்ஸ் டெஸ்ட்டுக்கு. அந்த கரடி சீரியலுக்கு. பாதி பேசினா, சாப்பிடப் போயிருக்கா, உங்களுக்கு அப்புறம் மிச்சம்.” “ஓ” என்றாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆக, ஒரு பெண். மைக்கை இறக்கியது அவள். அவள் அளவுக்கு இறக்கினாள், அது இவள் அளவாகவும் இருந்துவிட்டது. பெண்கள் பெரும்பாலும் இவள் உயரம்தான் இருக்கிறார்கள். இதற்குப் போய் ஒரு மதியம் முழுக்க. அவளுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் இல்லை. அலமாரியில் பணம் வைத்ததாக நினைத்துத் தேடிவிட்டு, வைக்கவே இல்லை என்று ஞாபகம் வரும்போது இருக்கும் ஒரு சமநிலை மட்டும். மறுபடி உள்ளே போய் நின்றாள். மைக் அதே இடத்தில் இருந்தது. இப்போது அது வெறும் மைக். இருந்தும் திருகைத் தொட்டுப் பார்த்தாள். நம்பிராஜன் இறுக்கினால் அதைத் தளர்த்த இரண்டு கை வேண்டும், அந்தக் காலத்தில். இது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்று பார்க்கலாம். பார்த்தால் தளர்ந்துவிடும். கையை எடுத்துவிட்டாள்.

“இப்போ மெயின் சீன்” என்றான் லோகேஸ்வரன். “மேகம் கிடையாது. வானம் சுத்தமா இருக்கு, நட்சத்திரமா கொட்டுது. ரெண்டு பேரும் சண்ட போட்டுட்டு மாடியில ஆளுக்கு ஒரு மூலையில டெலஸ்கோப் வெச்சிட்டு நிக்கிறாங்க. தகுமி வந்து சொல்றான். ஒரிஜினல்ல அவன் நேரா ஐ லவ் யூ தான் சொல்றான். சேனல்ல வேண்டாம்னுட்டாங்க, டிபன் டயத்துல புள்ளைங்க பாக்குறது, லவ்வு வரக் கூடாதாம். நான் ‘நாம நல்ல ஃப்ரெண்ட்ஸ்’னு எழுதியிருந்தேன். பத்தல. அவன் வாய் பாட்டுக்கு அனாதையா ஆடிட்டு இருக்கு. கடைசியில நம்பி சார்தான் காலையில ஒரு லைன் போட்டார், கரெக்டா உக்காந்துச்சு. கேளுங்க.” அப்ஸல் ஓட்டினான். பள்ளிக்கூட மாடி, நீல வானம், தகுமி மூன்றடி எடுத்துவைத்து நின்றான். காற்றுச் சத்தம். பிறகு அவள் காதுக்குள், நெற்றிக்குப் பின்னால், இரண்டு படி தள்ளி, தகுமியின் குரல்: “இனிமே தனித்தனியா நின்னு பாக்க வேண்டாமே. ஒண்ணா நின்னு பாக்கலாமா?” மிசுஹோவின் முகம் திரை முழுக்க வந்தது. பெரிய கண்கள். அவை ஒரு முறை இமைத்தன. லூப் முடிந்து திரை கறுத்தது. “என்னக்கா, எப்படி இருக்கு?” “பொருந்துது” என்றாள். பொருந்துகிறது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஒரு வரியை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அவளே அணில் குஞ்சுக்காகச் சொன்ன சமாதானத்தை இளவரசிக்கு எடுத்துப் போட்டிருக்கிறாள். உதட்டுக்குத் தேவையான நீளத்தில் நாக்கில் கிடந்த ஒன்றை அவர் எடுத்திருப்பார். எங்கே சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்பதுகூட அவருக்கு மறந்திருக்கலாம். அல்லது மறக்காமல்தான் எடுத்திருக்கிறார். ஒரு தடவை சிரித்தவளிடம் இரண்டாவது தடவை கேட்பதென்றால், அவள் சிரிக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். இந்த லூப்பில் மிசுஹோ சிரிக்கவில்லை. லோகேஸ்வரன் சொல்லிக்கொண்டிருந்தான்: “உங்களுக்கு டயலாக்கே இல்ல. வாய் மூடியே இருக்கு. ஒரு ‘ம்’ மட்டும்தான். ஆனா அது ஒழுங்கா விழணும், ஏன்னா அதுக்கடுத்த லூப்ல தகுமி ஒரு மூச்சு விடறான். நம்பி சார் அதை எடுக்க மாட்டேன்னுட்டார். மிசுஹோ என்ன மாதிரி ‘ம்’ சொல்றான்னு கேட்காம நான் எப்படி மூச்சு விடறது, நாளைக்குக் காலையில வந்து அதைக் கேட்டுட்டு விடறேன்னார். ஒரு மூச்சுக்கு ஒரு நாள் வர்றார், பாருங்க.” “அவருக்கு எல்லாத்துலயும் சுத்தம்க்கா” என்றான் அப்ஸல். “ஆமா” என்றாள். நல்ல ஆர்ட்டிஸ்ட் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அவளும் சொல்லியிருப்பாள்.

முதல் டேக்கில் மிசுஹோ “ம்” என்றாள். இனிப்பாக, நுனியில் ஒரு குதியோடு. லோகேஸ்வரன் தலையைச் சாய்த்தான். “அழகா இருக்குக்கா. ஆனா மிட்டாய் வேணுமான்னு கேட்டா புள்ளைங்க சொல்லுமே, அந்த ‘ம்’மா இருக்கு.” இரண்டாவதில் அதைக் கனமாக்கினாள். வயிற்றிலிருந்து எடுத்தாள். அப்ஸல் கடலையை மென்றபடி, “இது கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேட்டா எங்கம்மா சொல்ற ‘ம்’க்கா” என்றான். இருவரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அது எந்தச் சிரிப்பு என்று கவனிக்கவில்லை. மறுபடி ஓட்டினார்கள். தகுமி மூன்றடி எடுத்துவைத்தான். நாளைக் காலை நம்பிராஜன் இங்கே, இதே கம்பளத்தில், அவள் செருப்பு கழற்றிப் போட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். இதே ஹெட்போன். வலது பக்கக் காது கொஞ்சம் இரையும், அவர் அதை விரலால் அழுத்திக்கொள்வார், அவளும் அப்படித்தான். அதற்குள் இவள் சொன்னது வரும். அந்த மனிதருக்கும் அவள் மூச்சுகள் தெரிந்திருக்கும். அதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. தான் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவே நினைத்திருந்தாள். அவள் பேசிவிட்டுப் போனதைக் காலையில் அவரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு எந்த நாள் தலைவலி, எந்த நாள் பஸ் கிடைக்காமல் நடந்து வந்தாள், எந்த நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் காலையிலிருந்து இங்கே வந்து முதல் வார்த்தையாக “ஐயோ” என்றாள், எல்லாம். அவளுக்கே தெரியாத மூன்றாவது குரலை அவர் ஒருவேளை ஏதாவது லூப்பின் ஓரத்தில், டேக் தொடங்குவதற்கு முன்னால், தொண்டையைச் செருமும்போது கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. மருத்துவமனையில் வாயைத் திற என்று சொல்லி உள்ளே விளக்கடித்துப் பார்ப்பார்களே, அந்தப் பயம். மேகம் வரலாம். கரண்ட் போகலாம். திரையில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை. “இனிமே தனித்தனியா நின்னு பாக்க வேண்டாமே” என்று காதுக்குள் அவர் தொடங்கினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. மிசுஹோவின் கண் எப்போது இமைக்கும் என்று எண்ணவில்லை. அவர் மூச்சு எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டாள். அது முடிந்த இடத்தில், “ம்.”

அதில் ஒன்றும் இல்லை. லேசாகக் கம்மியிருந்தது, நடுவில் ஒரு இடத்தில் காற்றாகிப் போய் மறுபடி சேர்ந்தது. அவளுக்கு அது யாரோ சொன்னது போலக் கேட்டது. பக்கத்து வீட்டில் கதவுக்கு அப்பால் இருக்கிற, கொஞ்சம் வயதான, தெரிந்த ஒருத்தி. கண்ணாடிக்கு அப்பால் லோகேஸ்வரன் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான். “மிசுஹோ மாதிரி இல்லியே” என்றான் அப்ஸல். லோகேஸ்வரன் இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். ஓட்டினார்கள். அந்த ஒருத்தி மறுபடி “ம்” என்றாள். பிள்ளையின் பெரிய கண்களுக்கு அடியிலிருந்து அது வந்தது. “இன்னொண்ணு எடுத்துக்கலாமாக்கா?” “இதுவே இருக்கட்டும்” என்றாள். அவள் அப்படிச் சொல்வதில்லை, எத்தனை டேக் கேட்டாலும் கொடுப்பவள். லோகேஸ்வரன் தாளில் ஏதோ கிறுக்கினான். “சரி, ஓகே. யாரு கவனிக்கப் போறாங்க, ஒரு ‘ம்’முதானே. அடுத்தது.”

அடுத்தது, கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு மிசுஹோ டெலஸ்கோப்பைக் காட்டும் காட்சி, கூட்டச் சத்தம், கடைசியாக அந்தச் சிரிப்பு. சிரிப்பு ஒரே டேக்கில் வந்தது, மூக்கில் காற்று, மூன்று உருளல், விக்கல். முடிந்தது என்றார்கள். அப்ஸல் கண்ணாடியில் இரண்டு முறை தட்டினான், அது அவன் கைதட்டல். ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது கதவு திறந்தது, ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தாள். கதவு நிலை தாழ்வு, இருந்தாலும் பெண்கள் யாரும் அங்கே குனிந்து அவள் பார்த்ததில்லை. இந்திராணிக்கு அந்தப் பெண்ணின் தோள்தான் எட்டியது. “வணக்கம் மேடம், நான் தர்ஷினி. அந்தப் பேசுற ரயில் நீங்கதானே, நான் தினம் பாப்பேன், ஸ்கூல் போகாம” என்று அவள் மேலிருந்து சொன்னாள். “அதான் இவ்ளோ வளந்துட்டியா” என்றாள் இந்திராணி. “வாலிபால் மேடம்.” “காலையில எங்க நின்னு பேசின, இங்கயா?” “இல்ல மேடம், மைக் எனக்கு ரொம்பக் கீழ இருந்துச்சு. அந்த அண்ணா, யாரோ பெரியவர் இறக்கி வெச்சுட்டுப் போயிருக்கார், அத மாத்தாதன்னு சொல்லி, கையில ஒரு மைக் குடுத்தாங்க.” அப்ஸல், “நம்பி சார் சொல்லிட்டுப் போனாருக்கா, தொடாதன்னு. நான் எதுக்குத் தொடப் போறேன்” என்றான், ஒயரைச் சுற்றிக்கொண்டே. லோகேஸ்வரனுக்குப் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனான். அந்தப் பெண் கைமைக்கை ஊதிப் பார்த்தாள். “மிச்சத்த மாடி ரூம்ல எடுத்துரலாம், வா” என்று அப்ஸல் அவளைக் கூட்டிக்கொண்டு படியேறினான். இந்திராணி செருப்பை மாட்டினாள். கைப்பையைத் தோளில் போட்டாள். திரும்பி வந்து, இரண்டு கையாலும் திருகைத் தளர்த்தினாள், அது இறுக்கமாக இருந்தது. கம்பியைப் பிடித்து, மைக்கைத் தன் நெற்றிக்கு நேரே வரும்வரை உயர்த்தி, இறுக்கினாள்.